சூலம், பாம்பு, சனி: ஓவியத்துக்குள் மாயம் தேடும் பிள்ளைக்கு ஒரு நீண்ட பதில்

உயர்தரத்தில் சித்திரம் எடுத்திருக்கும் யாழ்ப்பாணத்து மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய ஓவியங்களிலும் சிற்பங்களிலும் மாயமும் புராணமும் குறியீடும் ஒளிந்திருப்பதாகப் படிக்கிறார்களாம். தாமரை என்றால் தூய்மை, பாம்பு என்றால் தீமை, மெழுகுதிரி என்றால் கடவுள் என்று ஒரு பட்டியலையும் பாடமாக்குகிறார்களாம். ஆனால் புதிதாக ஒரு படத்தைக் கண்டால் ஒன்றும் பிடிபடவில்லையாம். இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது, ஐரோப்பாவுக்குப் போய் அசலைப் பார்த்தவர்களுக்குத்தான் விளங்குமா என்பது கேள்வி.

கடைசிப் பகுதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: அப்படி இல்லை, பிள்ளை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவருக்கு இந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். அதைப் பாடமாக யாரும் சொல்லித் தராததால் தெரியாதது போல இருக்கிறது.

உங்கள் ஒழுங்கை முடக்கில் ஒரு வைரவர் இருப்பார். ஆலமரமோ வேம்போ, அதன் அடியில் ஒரு சூலம், பக்கத்தில் கற்பூரம் கொளுத்திய கறுப்பு. உருவம் எதுவும் கிடையாது. நல்லூரில் மூலஸ்தானத்தில் இருப்பது வேல். தொண்டைமானாற்றுச் சந்நிதியிலும் வேல்தான். வல்லிபுரத்துக்கு விஷ்ணு கோயில் என்று போகிறோம், உள்ளே இருப்பது சக்கரம். முகம் இல்லாத, கையிலிருக்கும் ஆயுதத்தை மட்டும் வைத்து வழிபடும் பழக்கம் இங்கே எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை நாங்கள் கவனிப்பதில்லை.

வேலுக்கு என்ன கருத்து என்று சைவசமயப் பாடம் படித்த ஒரு பிள்ளையிடம் கேட்டால், 'அறிவு கூர்மையாகவும் அகலமாகவும் ஆழமாகவும் இருக்கவேண்டும், அதைத்தான் வேல் காட்டுகிறது' என்று ஒரே மூச்சில் சொல்லும். திருவிழாவில் வெளிவீதி மணலில் உருண்டு பிரதட்டை பண்ணுகிறவரிடம் போய் 'ஐயா, வேல் எதற்குக் குறியீடு?' என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குக் கேள்வியே விளங்காது. அவருக்கு அது முருகன், அவ்வளவுதான். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே வேலைத்தான். ஒருவர் அதை வாசிக்கிறார், மற்றவர் அதன் முன்னால் விழுகிறார். கலை வரலாற்றுப் புத்தகங்கள் பெரும்பாலும் முதலாமவரின் கண்ணால் எழுதப்பட்டவை. பழைய கலைப்பொருள்களில் பெரும்பகுதியோ இரண்டாமவருக்காகச் செய்யப்பட்டது.

ஆகவே ஒரு படத்தையோ சிலையையோ கண்டால் 'இதற்கு என்ன பொருள்?' என்ற கேள்வியை நான் பின்னுக்குத் தள்ளிவைப்பேன். முதலில் கேட்பது, இதைச் செய்தவர்கள் இது என்ன வேலை செய்யும் என்று நம்பினார்கள் என்பதை. எங்கே வைத்தார்கள், முன்னால் நின்றது யார், எந்த நாளில் வெளியே எடுத்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள்ளேயே வந்துவிடும்.

கண் திறத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பாபிஷேகத்துக்கு முன் ஸ்தபதி கடைசியாகத் தொடுவது சிலையின் கண்ணை. திறந்த கண்ணில் முதலில் படவேண்டியவை என்று கண்ணாடி, பசுவும் கன்றும், தானியம் போன்றவற்றைக் காட்டுவார்கள். தெற்கே சிங்களப் பௌத்தர்களிடமும் இந்தச் சடங்கு உண்டு. கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளிவந்த தன் நூலில், கண் வைக்கும்வரை அந்தச் சிலையைப் பட்டறையில் சாதாரண உலோகக் கட்டி போலத்தான் போட்டுவைப்பார்கள் என்கிறார். கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1908இல் எழுதிய, சிங்களரின் இடைக்காலக் கலை பற்றிய நூலிலும் இந்தச் சடங்கு வருகிறது. ஓவியர் புத்தரின் கண்ணை நேருக்கு நேர் பார்த்துத் தீட்டுவதில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டு தோளுக்கு மேலால் தூரிகையை நீட்டித் தீட்டுகிறார். முடிந்ததும் அவருடைய கண்ணைக் கட்டி வெளியே கூட்டிப் போவார்கள். கட்டவிழ்த்ததும் அவர் பார்வை படுகிற முதல் பொருளுக்குத் தோஷம், அதனால் மரம், தண்ணீர் போன்ற ஏதாவதொன்றின் மேல் அந்தப் பார்வையை இறக்கிவிடுவார்கள்.

இதில் குறியீடு எங்கே இருக்கிறது? கண் இங்கே 'ஞானத்தை'க் குறிக்கவில்லை. கண் பார்க்கிறது. முதற்பார்வை சுடும் என்று பயப்படுகிறார்கள். ஓவியத்தில் மாயம் என்று நான் சொல்வது இதைத்தான், படம் ஏதோ செய்யும் என்ற நம்பிக்கையை. மந்திரவாதியும் சூனியக்காரியும் வரையப்பட்டிருந்தால்தான் மாயம் என்று நினைத்துத் தேடினால் பத்தில் ஒன்றுதான் அகப்படும்.

எங்கட தோட்டத்து வெருளியும் இதே குடும்பம்தான். கரி பூசிய பானையில் சுண்ணாம்பால் பெரிய கண் வைக்கிறோம், கண்ணூறு அதில் விழுந்து போகட்டும் என்று. கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மதுக்கிண்ணங்களின் வெளிப்புறத்திலும் இரண்டு பெரிய கண்கள் தீட்டியிருக்கும். குடிக்கத் தூக்கினால் ஆள் முகமூடி போட்டது போலத் தெரியும். அது கண்ணூறு கழிக்கவா, விருந்தில் வேடிக்கைக்கா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்பது என் எண்ணம். வெருளிக்குக் கிழிந்த சேட்டும் தொப்பியும் போட்டுச் சிரிக்கிறவர்கள்தானே நாங்களும்.

நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இந்த நம்பிக்கை செத்துவிடுகிறது என்று சொல்வார்கள். முழுக்கச் சாகவில்லை. 1976இல் தஞ்சாவூர்ப் பக்கம் பத்தூரில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராசர் ஒருவர் கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். அவரை மீட்க அங்கே நடந்த வழக்கில் அந்தக் கோயிலின் சிவலிங்கமும் ஒரு வழக்காளி. 1991இல் மேன்முறையீட்டிலும் கோயிலின் பக்கமே தீர்ப்பு வந்தது, நடராசர் ஊர் திரும்பினார். ஆங்கில நீதிமன்றத்தில் ஒரு கல் வழக்காடி வென்றதை விட வேறென்ன மாயம் வேண்டும்!

ஆனால் மாயத்தைக் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டவும் கூடாது. பிரான்ஸில் லாஸ்கோ குகை 1940இல் வெளிச்சத்துக்கு வந்தது. கிட்டத்தட்ட 17,000 ஆண்டுப் பழமையான காட்டெருதுகள், குதிரைகள், மான்கள் அங்கே சுவரெங்கும் ஓடுகின்றன. இப்படிப்பட்ட குகைகளுக்கு அந்தக் காலத்தில் சொன்ன விளக்கம் வேட்டை மந்திரம்: மிருகத்தை வரைந்தால் மிருகம் அகப்படும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே தின்று போட்ட எலும்புகளைப் பார்த்தால் அவை பெரும்பாலும் துருவமானின் எலும்புகள். சுவரிலோ துருவமானைக் காண்பதே அரிது. சாப்பிட்டது ஒன்று, வரைந்தது வேறொன்று. அதனால் அந்த விளக்கம் தளர்ந்துவிட்டது. அதே குகையின் ஆழத்தில் பறவைத் தலையுடன் ஒரு மனிதன் சாய்ந்து கிடக்கிறான், முன்னால் குடல் சரிந்த ஒரு காட்டெருது, பக்கத்தில் ஒரு கோலின் நுனியில் ஒரு பறவை. ஒரு கதை நிச்சயமாக இருந்திருக்கிறது. சொல்ல ஆள் இல்லை. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் இன்னும் பழைய படங்கள் இருக்கின்றன. காட்டுப்பன்றியும் மனித வடிவங்களும் சேர்ந்த ஒரு காட்சிக்குக் குறைந்தது 51,200 ஆண்டு என்று 2024இல் அறிவித்தார்கள். அவற்றுக்கும் இதே நிலைதான்.

மொகஞ்சதாரோவின் கொம்பு முத்திரையும் அப்படியே. யானை, புலி, காண்டாமிருகம், எருமை சூழக் கால் மடித்து உட்கார்ந்திருக்கும் உருவத்தை 1931இல் தொல்லியலாளர் ஜோன் மார்ஷல் சிவனின் பழைய வடிவம் என்றார். எங்கள் பாடப்புத்தகங்களில் அது 'பசுபதி' என்றே நிலைத்துவிட்டது. முத்திரையிலுள்ள எழுத்தை இன்றுவரை யாரும் எல்லாரும் ஒப்பும்படி வாசிக்கவில்லை. அது எருமை முகமுடைய வேறொரு தெய்வம் என்பவர்களும் உண்டு. சிவனாக இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் சந்தோஷம் சான்று ஆகாது. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் தோண்டியபோது கிடைத்த முத்திரையிலும் மேல்வரியில் பெருங்கற்காலக் குறிகள், கீழ்வரியில் பிராமி எழுத்து. கீழ்வரியை வாசித்து மேல்வரியை ஊகிக்கலாம். அதற்கு மேலே போகிறவர்களை நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்பேன்.

இனி என் மனதுக்கு மிகவும் பிடித்த படத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருவர் இதை ஐரோப்பிய மாணவனை விட வேகமாகப் புரிந்துகொள்வார் என்பது என் கட்சி.

ஜெர்மன் ஓவியர் அல்பிரெக்ட் டியூரர் 1514இல் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட 'மெலன்கோலியா'. இறக்கை உள்ள பெண் ஒருத்தி கன்னத்தில் கையை ஊன்றி உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் மரம் அரியும் வாள், சீவுளி, ஆணி என்று தச்சு ஆயுதங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கல் உருண்டை, பல முகங்களுடன் ஒரு விசித்திரக் கல், தராசு, மணற்கடிகாரம், மணி, மெலிந்து சுருண்ட ஒரு நாய். வானத்தில் ஒரு வௌவால் படத்தின் தலைப்பைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. எல்லா ஆயுதமும் இருக்கிறது, ஒரு வேலையும் நடக்கவில்லை. அவள் தலைக்கு மேல் சுவரில் பதினாறு எண்கள் கொண்ட ஒரு கட்டம்:

16, 3, 2, 13
5, 10, 11, 8
9, 6, 7, 12
4, 15, 14, 1

இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், மூலைவிட்டம், எப்படிக் கூட்டினாலும் 34. கடைசி வரியின் நடுவில் 15, 14. படம் செய்த ஆண்டு. அவர் தாயார் இறந்ததும் அந்த ஆண்டில்தான்.

கணித விளையாட்டு என்று இங்கே நிறுத்திவிடுகிறவர்கள் பலர். ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பிய மருத்துவத்தில் உடம்பு நாலு நீர்களால் ஆனது. அதில் கருமையான பித்தம் கூடினால் மனச்சோர்வு. அந்தச் சோர்வுக்கு அதிபதி சனிக்கிரகம். சனி பிடித்தவனுக்கு மந்தம், தனிமை, கவலை, கூடவே ஆழ்ந்த யோசனை. மாற்று என்ன? வியாழன். நாலுக்கு நாலு எண்கட்டம் அந்தக் கால மந்திர நூல்களில் வியாழனின் கட்டம். சனியின் பிடியைத் தளர்த்த வியாழனின் கட்டத்தைத் தகட்டில் பொறித்து வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார்கள். கலை வரலாற்றாளர் அபி வார்பர்க்கும், அவருக்குப் பின் எர்வின் பனோஃப்ஸ்கி, பிரிட்ஸ் சாக்ஸ்ல் ஆகிய இருவரும் 1920களில் இந்தப் படத்தை இப்படி அவிழ்த்தார்கள். அவள் தலையிலிருக்கும் நீர்ச்செடி மாலையும் சனியின் வறட்சிக்கு மாற்று என்றார்கள்.

சனிக்கு எள்ளெண்ணெய் எரித்து, 'குரு பார்க்கக் கோடி நன்மை' என்று சொல்லி வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது? சனி தோஷத்துக்குக் குரு பார்வை. வாசல் நிலையில் செப்புத் தகடு வைத்து எந்திரம் பதிக்கிற ஊர் எங்களுடையது. இன்னொன்றும் சொல்லவேண்டும். மத்திய இந்தியாவில் கஜுராஹோவின் பார்சுவநாதர் சமணக் கோயிலில் நாலுக்கு நாலு எண்கட்டம் ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது, டியூரருக்குச் சில நூற்றாண்டுகள் முன்னதாக. எண்களின் வரிசை வேறு, கூட்டுத்தொகை அதே 34. ஒன்றைப் பார்த்து மற்றது செய்யப்பட்டது என்று அர்த்தமில்லை. 1 முதல் 16 வரை எழுதிக் கட்டம் அமைத்தால் 34 வந்தே தீரும். கணிதம் எல்லாருக்கும் பொது, அதற்கு வேலை கொடுத்தது அந்தந்த ஊர் நம்பிக்கை.

டியூரரின் கட்டம் அவருடைய சோர்வைப் போக்கியதா என்று கேட்டால், அந்தப் பெண் இன்னும் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை. ஐந்நூறு ஆண்டாக மற்றவர்கள் அந்தப் படத்தை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதை ஒரு மாற்று மருந்தாகவே செய்தார் என்று எண்ணத் தோன்றுகிறது எனக்கு. நிரூபிக்க முடியாது.

அடுத்து நடராசர். சித்திரப் பாடத்தில் குறியீடு என்ற சொல் வந்ததும் எல்லாரும் எழுதுவது அவரைத்தான்: உடுக்கை படைத்தல், அமைத்த கை காத்தல், தீ அழித்தல், ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய கால் அருளல். ஐந்தொழில். இது யாரோ பின்னாளில் வலிந்து சொன்னது இல்லை, சைவ சித்தாந்தத்தின் மெய்கண்ட சாத்திரங்களில் ஒன்றான உண்மை விளக்கம் இதை நேராகவே சொல்கிறது. ஆனால் அந்த நூல் 13ஆம் நூற்றாண்டுக்குரியது. சோழ அரசி செம்பியன் மாதேவி காலத்து நடராசர்கள் 10ஆம் நூற்றாண்டில் வந்துவிட்டார்கள். உருவத்துக்கும் நாம் இன்று பாடமாக்கும் விளக்கத்துக்கும் இடையில் இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் இருக்கிறது. அதற்கு முன்னால் அந்தக் கருத்தே இருக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. சிற்பி ஒரு விளக்கப்பட்டியலை வைத்துக்கொண்டு வார்த்தார் என்று நினைக்கவேண்டாம், அவ்வளவுதான்.

அவர் வார்த்தது உற்சவமூர்த்தியை. பீடத்தைப் பாருங்கள், காவுதடி கோக்க வளையமோ துளையோ இருக்கும். வெளிவீதி சுற்றப்போகிற தெய்வம். சாத்துப்படி முடித்து, பட்டும் மாலையும் போட்டு, தீவட்டி வெளிச்சத்தில் தோளில் தூக்கி வரும்போது உடுக்கையை யார் கண்டது, காலடியில் மிதிபடும் முயலகனை யார் கண்டது? தெரிவது முகமும், தூக்கிய காலின் நுனியும், திருவாசியின் வட்டமும் மட்டும்தான். நாங்கள் அலங்காரம் கழற்றிய திருமேனியை நூதனசாலையில் பார்த்துவிட்டு விரல் விரலாக விளக்கம் எழுதுகிறோம். பொலன்னறுவையில் 1907-08 அளவில் மண்ணிலிருந்து எடுத்த சைவச் செப்புத் திருமேனிகள் கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றன. அவற்றை இப்படி அலங்காரமில்லாமல் பார்க்கலாம். பார்க்கும்போது சாத்துப்படியை மனதால் போட்டும் பாருங்கள்.

அந்த ஐந்தொழில் விளக்கத்தை உலகத்துக்குக் கொண்டுபோனவர் மேலே சொன்ன ஆனந்த குமாரசுவாமிதான். கொழும்பில் பிறந்தவர், தந்தை சேர் முத்து குமாரசுவாமி. 1912இல் எழுதிய கட்டுரை, பிறகு 1918இல் நூலாகவும் வந்தது. அதன் பின் மேற்கில் நடராசர் ஒரு தத்துவப் படமாகவே ஆகிவிட்டார். 2004இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுகூட வளவில் இந்தியா கொடுத்த நடராசர் ஒருவர் அணுத்துகள்களின் நடனமாக நிற்கிறார். எனக்கு அதில் கொஞ்சம் அலுப்பு உண்டு. ஆனாலும் ஒரு உருவம் புதிய வேலைகளை ஏற்றுக்கொண்டே போவதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சரி, பாம்புக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் பட்டியலில் அது 'தீமை' என்று இருக்கிறது. ஏதேன் தோட்டத்துப் பாம்புக்கு அது பொருந்தும். கிரேக்க மருத்துவ தெய்வம் அஸ்கிலேப்பியஸின் கோலில் சுற்றிய பாம்புக்குப் பொருந்தாது. மருத்துவச் சின்னங்களில் இன்றும் நீங்கள் பார்ப்பது அதைத்தான். நயினாதீவுக்கு வள்ளம் ஏறினால் பட்டியல் கடலில் விழுந்துவிடும். நாகபூஷணி அம்மனுக்குத் தினமும் பூக்கொண்டு நீந்திப் போகும் பாம்பைக் கருடன் மறிக்கிறது. கடல்வழி வந்த வணிகர் குறுக்கிட்டுப் பாம்பைக் காப்பாற்றுகிறார், தன் செல்வத்தைக் கொடுத்து அம்மனுக்குக் கோயில் எழுப்புகிறார். பாம்பு சுற்றிய கல், கருடன் இருந்த கல் என்று இரண்டு பாறைகளை ஆக்கள் இன்றும் காட்டுவார்கள். அதே தீவில் கொஞ்சத் தூரத்தில் நாகவிகாரை. அங்கே சொல்வது மகாவம்சத்துக் கதை, மணியாசனத்துக்காகச் சண்டையிட்ட இரண்டு நாக அரசர்களைச் சமாதானப்படுத்தப் புத்தர் வந்தார் என்பது. ஒரே தீவு, ஒரே நாகம், இரண்டு கோயில், இரண்டு கதை. அரசியலும் அதில் கலந்திருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாம்பு எதைக் குறிக்கும் என்று கேட்டால் எந்த வாசலில் நின்று கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கவேண்டியிருக்கும்.

யாழ்ப்பாண அரசர் வெளியிட்ட சேது நாணயத்தையும் பாருங்கள். படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே 'சேது' என்ற எழுத்து. நந்தியும் பிறையும் சைவம், சேது இராமர் அணை. அந்தக் கடல்வழிக்குக் காவலர் நாங்கள்தான் என்று ஆரியச்சக்கரவர்த்திகள் உரிமை கொண்டாடியது ஒரு விரல்நுனி அளவு செம்பில் இருக்கிறது. கையில் எடுத்துச் சாமான் வாங்கியவன் வரை அந்த உரிமை போய்ச்சேர்ந்தது. அதுதான் அந்தக் குறியின் வேலை.

புராணத்தைப் படத்தில் காண்பதற்கு ஒரு தந்திரம் உண்டு. முழுக்கதையில் கலைஞர் எந்த நொடியைப் பிடித்திருக்கிறார் என்று பாருங்கள். இதற்குச் சூரன்போரை விட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கந்தசஷ்டி கடைசி நாளில் சூரனைத் தோளில் தூக்கிக்கொண்டு வீதியில் ஓடுகிறார்கள். மரத்தால் செய்த அந்த ஒரே உடம்புக்கு யானைத்தலை வைத்தால் தாரகன், சிங்கத்தலை வைத்தால் சிங்கமுகன். பிறகு மாமரக் கொப்பு, பிறகு மயிலும் சேவலும். சிற்பி ஒரு உடம்பை மட்டும் செய்து நேரத்தைத் தலைகளாக வெட்டி வைத்திருக்கிறார். கந்தபுராணத்தைப் படித்துப் பயன் சொல்லிச் சொல்லியே வளர்ந்த ஊருக்கு எந்தத் தலை எந்த நொடி என்று சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர் பார்த்தால் நாலு வெவ்வேறு பொம்மை என்று நினைப்பார். ஐரோப்பியக் கிரேக்கப் புராண ஓவியங்களின் முன் நாங்கள் முழிப்பதும் இதனால்தான். எங்களுக்குத் தலை தெரிகிறது, நொடி தெரியவில்லை. கதையை முதலில் வாசித்துவிட்டுப் போனால் பாதி முடிந்தது. மாதா கோயில்களில் இது இன்னும் எளிது. திறப்பு வைத்திருந்தால் பேதுரு, உடம்பில் அம்பு தைத்திருந்தால் செபஸ்தியார், லில்லிப் பூவும் குழந்தை இயேசுவும் கையிலிருந்தால் பாசையூரில் இருக்கிற அந்தோனியார். சூலத்தை வைத்து வைரவரை அடையாளம் காண்பவர்களுக்கு இது புது வித்தையே இல்லை.

கலைஞர் வேண்டுமென்றே இரண்டு கதையை ஒன்றாக வைப்பதும் உண்டு. மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் ஒற்றைக்காலில் தவம் செய்கிறவர் பாசுபதம் கேட்கும் அர்ச்சுனனா, கங்கையைக் கேட்கும் பகீரதனா என்று நூறாண்டாக வாதம். பாறையின் இயற்கைப் பிளவில் நாகர்கள் மேலேறுகிறார்கள், மேலே தண்ணீர் தேக்கி விட்டதற்கான தடம் இருக்கிறது, ஆகவே கங்கை என்பார்கள். சிவன் கையில் ஆயுதம் கொடுப்பதுபோல நிற்கிறார், ஆகவே அர்ச்சுனன் என்பார்கள். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி சிலேடை தெரிந்த ஊரில் வேலை செய்தவர், இரண்டையும் நினைத்துத்தான் செய்திருப்பார் என்ற பக்கம் நான். கீழே ஒரு பூனை கையைத் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றி எலிகள். அந்தச் சிரிப்பையும் விட்டுவிடாதீர்கள்.

பட்டியலில் உள்ள மெழுகுதிரி எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். லண்டன் நேஷனல் கலரியில் இருக்கும், யான் வான் ஐக் 1434இல் தீட்டிய அர்னோல்ஃபினி தம்பதியின் படம். பகலிலும் ஒற்றை மெழுகுதிரி எரிகிறது, கழற்றிவிட்ட செருப்பு, காலடியில் நாய், பின்சுவரில் ஒரு குவிந்த கண்ணாடி. 1934இல் பனோஃப்ஸ்கி இதை ஒரு கலியாணப் பத்திரம் போல வாசித்தார்: மெழுகுதிரி எல்லாம் காணும் கடவுள், நாய் விசுவாசம், செருப்பு இல்லாத கால் புனித நிலம். அழகான வாசிப்பு, பிற்பாடு வந்த ஆய்வாளர் பலர் அதில் ஓட்டைகளும் கண்டார்கள். நாய் வெறும் நாயாகவும் இருக்கலாம். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதில் என்ன இரகசியம் என்று எங்களுக்குத் தோன்றுவதும் ஒரு நல்ல கேள்விதான். அந்தக் கண்ணாடியை மட்டும் நன்றாகப் பாருங்கள். அறையின் பின்பக்கமும், வாசலில் நிற்கும் இருவரும் அதில் தெரிகிறார்கள். மேலே 'யான் வான் ஐக் இங்கே இருந்தார்' என்று எழுதியிருக்கிறது.

20ஆம் நூற்றாண்டில் மாயம் போய்விட்டது என்று நினைப்பவர்களுக்கு, அடையாறு நினைவுக்கு வரவேண்டும். சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் எண்ணங்களுக்கு நிறமும் வடிவமும் உண்டென்று படம்போட்டு ஒரு நூல் வெளியிட்டார்கள். உருவமில்லாத ஓவியத்தின் முன்னோடி கண்டின்ஸ்கி பிரம்மஞான நூல்களை ஆழ்ந்து படித்தவர். ஓவியர் மொன்ட்ரியான் 1909இல் அந்தச் சபையில் சேர்ந்தார். ஸ்வீடன் ஓவியர் ஹில்மா அஃப் கிளிண்ட் 1906 முதல் 1915 வரை ஒரு கோயிலுக்கென்று 193 படங்கள் தீட்டினார். ஆவிகள் கேட்டுக்கொண்டபடி செய்ததாகவே அவர் நம்பினார். தான் இறந்து இருபது ஆண்டு கழியும்வரை காட்டக்கூடாது என்றும் சொல்லிவைத்தார். வட்டமும் முக்கோணமும் கொண்ட படம் என்று நாங்கள் 'நவீனம்' என்ற பெயரில் படிப்பதில் எவ்வளவோ அடையாற்றுத் தண்ணீர் கலந்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில், சென்னை அருகே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசையைத் தீட்டினார். சாதகக் கட்டம் போல இருக்கும், எழுத்து போல இருக்கும், வாசிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் இதைக் காட்டினால் 'என்ன எழுதியிருக்கிறது சேர்?' என்று கேட்பார்கள். வாசிக்கத் தெரியாத ஏட்டுக்கு முன்னால் வரும் அந்தப் பயபக்திதான் அங்கே சரக்கு.

யாழ்ப்பாணத்திலேயே, ஓவியர் த. சனாதனனின் 'முழுமையற்ற தோம்பு' 2011இல் வந்தது. இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்தார்கள். அதனருகே கட்டடக்கலைஞர் முறைப்படி வரைந்த படம், பிறகு ஓவியரின் சொந்தப் படம். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்தில் காணி யாருடையது என்று பதிந்த ஏடு. அந்த ஏட்டின் வேலையை ஓவியம் எடுத்துக்கொண்டிருக்கிறது. இதில் எது குறியீடு என்று பிரித்துக் காட்ட எனக்கு மனமில்லை. கிணறு எந்த மூலையில் இருந்தது என்று ஒருவர் கோடு போடுகிறார் என்றால் அது கிணறுதான்.

கடைசியாகப் பரீட்சை. ஐந்தொழிலையும் மெழுகுதிரியையும் கேட்டால் பாடமாக்கியதையே எழுதுங்கள், புள்ளி போடுகிறவருக்கு அது வேண்டும். நேரம் மிஞ்சினால் ஒரு வரி கூடச் சேருங்கள்: அது எங்கே வைக்கப்பட்டிருந்தது, யார் பார்த்தார்கள் என்று. பயிற்சிக்கு இணுவில் கந்தசுவாமி கோயிலில், சுவாமி எழுந்தருளும் தேர் போன்ற பெருமஞ்சத்தில் தொடங்கலாம். மரச்சிற்பம் தட்டுத் தட்டாக இருக்கிறது, ஒரு நாளில் முடியாது. திருவிழாக் கூட்டத்தில் போகாதீர்கள், ஒன்றும் பார்க்க முடியாது. சாதாரண நாளில் கோயில்காரரிடம் கேட்டுவிட்டு, ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுபோய்க் கீழ்த்தட்டிலிருந்து வரையத் தொடங்குங்கள். போன் படத்தை விட அதில்தான் எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியவரும்.